கிணற்றைப் பார்த்துவிட்டு அறை கட்டச் சொல்லுங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பரம்பரை வீட்டில் மூன்று அறைகளை வெளியூர் விருந்தினர்களுக்கு விடுகிறோம். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், சண்டையில் கூரை போன தன் பூர்வீக வீட்டைத் திருத்தி, 12 அறை, நீச்சல் குளத்தோடு விடுதியாக்கப் போகிறாராம். நம்ம ஊர் அனுபவத்தை வைத்து யோசனை கேட்கிறார். என்ன சொல்லலாம்?
- ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: முதலில் அந்த நீச்சல் குளத்தை மறக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைத்தண்ணீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். மோட்டார் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் கடல் உப்பு ஏறி, பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கெடும். கூரை மழையை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த நமக்கு இது புரியாதா என்ன!

அப்புறம் காசு. நம்ம ஊருக்கு வருகிறவர்கள் அரண்மனை வாசலில் ஒரு படம், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பதைப் பத்து நிமிடம், காரைக்குடியில் சாப்பாடு, ராத்திரிக்கு மதுரை என்று கிளம்பிவிடுகிறார்கள். மிஞ்சுவது கார் கிளப்பிய புழுதிதான். அங்கேயும் கோட்டை, 1981-ல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த நூலகம், நல்லூர் கந்தசாமி கோயில் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம். 2014-ல் ரயில் திரும்ப ஓட ஆரம்பித்ததில் வருவது சுலபம், போவதும்தான். இரண்டு ராத்திரியாவது தங்க வைக்க வேண்டும். குறிகட்டுவான் துறையில் படகேறி நெடுந்தீவு போய்வர ஒரு நாள் ஆகும். அப்படித் தங்கினால் ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவில் கூழ் காய்ச்சத் தெரிந்த பக்கத்து வீட்டு அம்மா, மீன்காரர், ஆட்டோக்காரர் கைக்கும் காசு போகும்.

சுவரில் குண்டு பட்ட தடம் இருந்தால் பூசுவதா விடுவதா என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லட்டும். விளம்பரத்தில் மட்டும் வேண்டாம். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி, திண்ணையில் உட்கார்ந்தாலே கேமராவைத் தூக்குகிறார்கள் என்று வீட்டுக்குள்ளே ரெண்டாம் கட்டோடு இருந்துவிட்டார். வெறும் போட்டோவுக்கே இப்படி. அங்கே காபி கொண்டுவரும் பெண்ணிடம் ‘உங்கள் வீட்டில் யார் செத்தார்கள்’ என்று தினம் ஒருவர் கேட்டால் அவர் எத்தனை நாள் வேலைக்கு வருவார்?

நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆடி, ஆவணியை ஒட்டி வரும். அறை நிறைவது அப்போதுதான், ஐப்பசி மழைக்கு முன்னால் கிணறு இறங்கிக் கிடப்பதும் அப்போதுதான். அந்த நாட்களில் வாளிக் கயிறு எத்தனை முழம் இறங்குகிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். 12 அறையா, நாலு அறையா என்பதை அப்புறம் பேசலாம்.