புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் காபியை அடியோடு விட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 67. புராஸ்டேட் வீங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்து, எட்டு மாதமாக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறேன். சிறுநீர் இப்போது தடையில்லாமல் போகிறது. ஆனால் இரவில் மூன்று, நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. பகலிலும் வந்துவிட்டால் அடக்க முடியவில்லை. தினமும் ஐந்து கப் காபி குடிப்பவன் நான். கடைசிக் கப் இரவு எட்டு மணிக்கு. காபியால் வீக்கம் கூடுமா? அடியோடு விட்டுவிட வேண்டுமா? பயந்துபோய் இப்போது தண்ணீரையும் குறைத்துவிட்டேன்.

பதில்: முதலில் தண்ணீர். பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி மஞ்சளாக இறங்கும். அது சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் தவிர, நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீராகாரம் வேண்டும். அதில் பெரும்பகுதியை மாலைக்குள் குடித்துவிடுங்கள். படுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டால் போதும்.

அடுத்து உங்கள் பயம். காபி குடித்ததால் உங்கள் புராஸ்டேட் வீங்கவில்லை. வயதும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்கிற வேலை அது. 50 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மாற்றம் தொடங்கியிருக்கும். காபி போய் உட்காருகிற இடம் சிறுநீர்ப்பை.

புராஸ்டேட் தொல்லையில் இரண்டு வகை உண்டு. தாரை மெலிவது, முக்கிப் போவது, கடைசியில் சொட்டுவது எல்லாம் வழி அடைபட்டதால் வருபவை. அடிக்கடி போவது, அடக்க முடியாமல் ஓடுவது, இரவில் எழுவது எல்லாம் தேக்கி வைக்க முடியாததால் வருபவை. அடைப்பை எதிர்த்துப் பல வருடம் தள்ளித் தள்ளி, சிறுநீர்ப்பையின் தசை தடித்து, கொஞ்சம் நிரம்பினாலே துடிக்கப் பழகிவிடுகிறது. டாம்சுலோசின் வழியைத் தளர்த்துகிறது. உங்களுக்கு அந்தப் பாதி சரியாகிவிட்டது. மிச்சமிருக்கும் பாதியைத்தான் காபியில் இருக்கும் கஃபீன் கிளறிவிடுகிறது. துடிக்கிற தசையை அது மேலும் உசுப்பும், சிறுநீரையும் சற்று அதிகமாகச் சுரக்கவைக்கும். தினமும் குடிப்பவர்களுக்கு அந்தச் சுரப்பு பழகிப்போய்விடுவதால், நான் அதிகம் கவனிப்பது முதல் விஷயத்தைத்தான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த எட்டு மணிக் கப். குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு 9 மணி நேரம்கூட. அப்படியானால் இரவு ஒரு மணிக்கும் பாதிக் கப் காபி உங்கள் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது. தூக்கம் மேலோட்டமாகிறது. ஆழ்ந்து தூங்கினால் தெரியாமல் போயிருக்கும் சின்ன உணர்வுகூட எழுப்பிவிடுகிறது.

இருந்தாலும், பழி காபி மேல்தானா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு அளவுக் குவளையும் ஒரு தாளும் போதும். மூன்று நாள், எப்போது என்ன குடித்தீர்கள், எப்போது எவ்வளவு சிறுநீர் போனது என்று எழுதுங்கள். இரவுப் பக்கம்தான் முக்கியம். ‘1.10 மணி, 130 மி.லி, 2.45 மணி, 110 மி.லி, 4.20 மணி, 140 மி.லி’ என்று இருந்தால், பை நிரம்பாமலே உங்களை எழுப்புகிறது, அல்லது முழுதாகக் காலியாவதில்லை. காபியைக் குறைத்தால் பலன் கிடைக்க வாய்ப்புள்ள ஆள் நீங்கள். மாறாக ஒவ்வொரு முறையும் 350, 400 மி.லி என்று போனால் கதை வேறு. இரவுச் சிறுநீரையும் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரையும் கூட்டிப் பாருங்கள். அது ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், சிறுநீரகம் இரவில்தான் அதிகம் சுரக்கிறது. கால் வீக்கம், சர்க்கரை, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம், மாலையில் சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரை என்று காரணத்தை அங்கே தேட வேண்டும். அந்த நிலையில் காபியை மட்டும் விட்டால் தலைவலிதான் மிச்சம்.

குறைப்பதையும் படிப்படியாகச் செய்யுங்கள். ஐந்து கப்பையும் ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாளே தலை பிளக்கும், எரிச்சல் வரும். ஒரு வாரம்கூட நீடிக்கலாம். முதலில் எட்டு மணிக் கப்பை விடுங்கள். பிறகு மூன்று நான்கு நாளுக்கு ஒரு கப் வீதம் குறைத்து, மதியத்துக்கு முன் ஒன்று அல்லது இரண்டில் நிறுத்துங்கள். கஃபீன் நீக்கிய காபி மாற்றாகும். அதில் மிகச் சொற்பமே இருக்கும். டீக்கு மாறினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம்: ஒரு கப் வடிகட்டிய காபியில் சுமார் 95 மி.கி. கஃபீன் என்றால், டீயிலும் அதில் பாதியளவு இருக்கலாம். கோலா பானங்களையும் கணக்கில் சேருங்கள்.

மூன்று வாரம் கழித்து அதே தாளை மறுபடி எழுதுங்கள். எண்கள் மாறியிருந்தால் அந்த அளவோடு இருங்கள். மாறவில்லையென்றால் காபி குற்றவாளி அல்ல. காலைக் காபியை நிம்மதியாகக் குடிக்கலாம். இரண்டு தாள்களையும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு, பையின் துடிப்பை அடக்கும் மருந்து தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

மருந்து விஷயத்தில் இன்னும் இரண்டு. சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் கஃபீன் கழிவதைத் தாமதப்படுத்தும். அதைச் சாப்பிடும் நாட்களில் வழக்கமான காபியே இரு மடங்கு குடித்ததுபோல் வேலை செய்யலாம். சளி, மூக்கடைப்பு மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவற்றில் சில உங்களுக்குச் சிறுநீரை அடியோடு அடைத்துவிடலாம். அடிவயிறு உப்பி வலித்தும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ காபிக் கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.