கிரெடிட் மாறும், மேஜர் கணக்கில் சேருமா?

கேள்வி: மகன் ஃப்ரீமான்ட் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) முதல் வருடம் முடித்துவிட்டான். யு.சி.யில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மூன்றாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜரில் (முதன்மைப் பாடம்) சேர ஆசை. எடுத்த வகுப்புகள் எல்லாமே மாறும் என்கிறார்கள். ஆனால், போன வருடம் யு.சி.யில் சேர்ந்த அவன் நண்பன் இரண்டு பாடங்களைத் திரும்பப் படிக்கிறான். எதை நம்புவது? கோடையில் டி ஆன்சா என்ற இன்னொரு கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸில் ஒரு பகுதியை முடிக்கலாமா?

பதில்: இரண்டுமே உண்மைதான். 'மாறும்' என்றால் யு.சி. அந்த வகுப்பின் யூனிட்டை, அதாவது கிரெடிட்டை, ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். மேஜருக்குத் தேவையான பாடத்துக்கு அது ஈடாகாவிட்டால் விருப்பப் பாடக் கணக்கில் போய்விடும். மேஜர் பாடத்தை மறுபடி படித்தே ஆகவேண்டும். நண்பனுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை முன்கூட்டியே பார்க்க 'அசிஸ்ட்' என்ற அதிகாரப்பூர்வ இணையதளம் இருக்கிறது, இலவசம். மகனின் கல்லூரி, சேர விரும்பும் வளாகம், மேஜர் மூன்றையும் கொடுங்கள். இடப்பக்கம் யு.சி. பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் கல்லூரிப் பாடம் என்று வரும். வலப்பக்கம் ஈடு இல்லை என்று வரும் பாடங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் வளாகத்துக்கு வளாகம் வேறு. டேவிஸ் ஏற்கும் புரோகிராமிங் வகுப்பை சான் டியகோவும் அதே பாடத்துக்கு ஈடாக ஏற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோடைக் கால்குலஸ் வேண்டாம் என்பேன். டி ஆன்சா, செமஸ்டரைவிடச் சிறிய பருவங்களாக நடத்தும் குவார்ட்டர் முறைக் கல்லூரி. அங்கே கால்குலஸ் 1ஏ முதல் 1டி வரை நான்கு துண்டு. செமஸ்டர் கல்லூரியில் அதே பாடம் வேறு இடங்களில் வெட்டப்பட்டிருக்கும். நடுவில் தாவினால் ஒரு தலைப்பு விடுபடும், இன்னொன்று இரண்டு முறை வரும். தொடர் முழுவதையும் சேர்த்தே ஈடாக ஏற்கும் வளாகத்தில் பாதித் தொடருக்குப் பலன் கிடைக்காமலும் போகலாம். கால்குலஸ், இயற்பியல் தொடர்களை ஒரே கல்லூரியில் தொடங்கி அங்கேயே முடிக்கட்டும். கோடையில் வரலாறு மாதிரி ஒற்றைப் பாடம் எடுக்கலாம். எங்கே படித்தாலும், மதிப்பெண் குறைந்தாலும், விண்ணப்பத்தில் காட்டியே தீரவேண்டும்.

மூன்றாம் வருடச் சேர்க்கைக்கு 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். கம்யூனிட்டி காலேஜிலிருந்து 70 செமஸ்டர் யூனிட் வரைதான் கணக்கில் ஏறும்; அதற்கு மேல் படித்தவற்றுக்கு யூனிட் கிடைக்காது, பாடம் முடித்ததற்கான அங்கீகாரம் உண்டு. அதனால் பயம் வேண்டாம். மேஜர் பாடங்களை லெட்டர் கிரேடிலேயே (ஏ, பி, சி என்று) எடுக்கட்டும். கலிஃபோர்னியாவாசிகளுக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.4, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அதை வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு இருக்க முடியாது.

சேர்க்கை உறுதித் திட்டமான 'டேக்' பற்றியும் கேட்பீர்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் மட்டும் உண்டு. அதிலும் ஒன்றுக்குத்தான், செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பிக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸைப் பல வளாகங்கள் இதில் சேர்ப்பதில்லை. அந்த வருடத்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இடம் கிடைத்த பிறகு விண்ணப்பத்தில் சொன்ன வகுப்பு எதையும் கேட்காமல் கைவிடக் கூடாது. மாற்றம் இருந்தால் உடனே வளாகத்துக்குத் தெரிவியுங்கள். இறுதி டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) ஜூலை 1க்குள் போய்ச்சேர வேண்டும்.