வாசிக்காமலே முடித்துவிடும் பயிற்சித்தாள்கள்

கேள்வி: மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பண்டிகை விடுமுறைக்கு முந்தைய வாரம் பிள்ளைகள் உட்காரவே மாட்டேன் என்கிறார்கள். பண்டிகைப் பயிற்சித்தாள் கொடுத்தால் ஆசையாகச் செய்கிறார்கள். ஆனால் வாசிப்பு முன்னேறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்தத் தாள்களில் பிள்ளை வாசிக்க வேண்டிய முழு வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும்: ‘படத்துக்கு வண்ணம் தீட்டுக.’ 40 நிமிடப் பாடவேளையில் 35 நிமிடம் கிரேயானுக்கே போய்விடுகிறது. சொல்தேடல் கட்டமும் அப்படித்தான். பொருள் தெரியாமலேயே எழுத்தைப் பொருத்தி வட்டம் போட்டுவிடலாம். வாசிக்காமல் முடிக்க முடிகிற எதுவும் வாசிப்புப் பயிற்சி ஆகாது.

வாழ்த்து அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நீங்கள் மடித்துக் காட்டுவீர்கள், அவர்கள் பார்த்துச் செய்வார்கள். இந்த முறை காட்டாதீர்கள். செய்முறையை ஏழெட்டு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருங்கள். ‘தாளை நடுவில் மடி. மடிப்பு உன் இடது கைப் பக்கம் இருக்கட்டும். வலது மேல் மூலையில் சிறிய வட்டம் வரை.’ தப்பாக வாசித்தால் அட்டை தப்பாக அமையும். பிள்ளை தானே திரும்பப் போய் வரியைத் தேடும். அப்போது, “எந்த வரியில் பிசகியது? எனக்குப் படித்துக் காட்டு” என்று கேட்டால் போதும். உள்ளே எழுதும் வாழ்த்தைக் கரும்பலகையிலிருந்து நகலெடுக்க விடாதீர்கள். யாருக்கு, எதற்கு என்று பிள்ளையே முடிவு செய்து இரண்டு வரி எழுதட்டும்.

அப்புறம், ஒரு பக்க அளவில் ஓர் உரையாடல் கொடுங்கள். குழுவாகப் பிரித்து, அதே பக்கத்தை நான்கு நாள் வாசிக்க வையுங்கள். மனப்பாடம் வேண்டாம், தாளைப் பார்த்தே வாசிக்கட்டும். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சரளம் கூடும் என்று வாசிப்பு ஆய்வாளர் சாமுவேல்ஸ் 1979-இலேயே எழுதிவிட்டார். நம் பாடத்திட்ட அவசரத்தில் எதையும் இரண்டாம் முறை வாசிக்க நேரம் கிடைப்பதில்லை. பள்ளியிலோ சுவரில் ஒட்ட வண்ணத்தாள் மட்டும் கேட்கிறார்கள். பிள்ளை சரளமாக வாசித்ததைச் சுவரில் ஒட்ட முடியாதே!

இந்தச் சமயம் பார்த்துப் பயிற்சித்தாள் கட்டு விற்பவர்கள் வருவார்கள். வாசிப்பு, இலக்கணம், சொல்வளம் எல்லாம் இதிலேயே இருக்கிறது என்பார்கள். என் கைக்கு வந்த ஒரு கட்டில் முதல் தாளிலேயே ணகரமும் னகரமும் மாறிக் கிடந்தன. வேறு மொழித் தாளை அப்படியே பெயர்த்தது என்று பார்த்ததும் தெரிந்தது. ஒரு தாளையாவது முழுக்கப் படிக்காமல் வாங்காதீர்கள். மாதிரி காட்ட மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ‘விடுமுறையை எப்படிக் கழித்தேன்’ என்ற தலைப்பை எல்லாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தப் பண்டிகையைக் கொண்டாடாத வீட்டுப் பிள்ளை இருக்கும். வீட்டில் துக்கம் நடந்த பிள்ளை இருக்கும். அப்பாவோ அம்மாவோ தொலைவில் இருக்கிற பிள்ளையும் இருக்கும். அவர்களுக்கு மட்டும் தனித் தலைப்பு கொடுத்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதனால் மொத்த வகுப்புக்கும் இரண்டு தலைப்பு கொடுங்கள். ‘விடுமுறையில் ஒரு நாள்’ ஒன்று, ‘ஒரு மழைநாள்’ இன்னொன்று. எதை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். வகுப்பின் முன் வாசிக்க மாட்டேன் என்றால் விடுங்கள். இடைவேளையில் உங்களிடம் மட்டும் வாசித்துக் காட்டட்டும்.