ஓவியங்களில் நான் முதலில் பார்ப்பது கைகளை

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த ஓவியர்கள், ஓவியங்கள் எவை? அவை ஏன் மனதை இவ்வளவு உலுக்குகின்றன?

பிடித்த ஓவியர்கள் என்றால் எனக்கு ரெம்ப்ராண்ட், வான்கா, கேத்தே கோல்விட்ஸ் மூவரும் முன்னால் வந்து நிற்பார்கள். கொஞ்சம் தள்ளி வெர்மீர். வேறு வேறு காலம், வேறு வேறு பாணி. ஆனால் நால்வரிடமும் நான் தேடிப்போவது ஒன்றைத்தான்: கைகள்.

சில வருடங்களுக்கு முன் பென்சிலில் வரையப் பழகினேன். முகம் ஓரளவு வந்துவிட்டது, கை மட்டும் வரவே இல்லை. ஒருநாள் மதியம் அம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, வயிற்றின் மேல் கிடந்த அவருடைய கையை வரைய உட்கார்ந்தேன். சுண்டுவிரல் நுனியில் லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. கட்டைவிரல் நகத்தில் நீளவாக்கில் ஒரு கோடு. மோதிரத்தை ஒட்டிய தோல் மெலிந்து பளபளத்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகியிருக்கிறேன். ஆனாலும் இதில் எதையும் அதுவரை பார்த்ததில்லை. படம் சரியாக வரவில்லை. ஆனால் அந்த முக்கால் மணிநேரத்தில் தொண்டை அடைத்துப் போனது. அதற்கு அப்புறம் எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் கண் முதலில் கைக்குத்தான் போகிறது.

அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ரெம்ப்ராண்டின் 'ஊதாரி மகன் திரும்பி வருதல்' எனக்குத் திறந்தது. ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெரிய ஓவியம், இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரம். சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பும் மகன், அவனை ஏற்றுக்கொள்ளும் அப்பா. பைபிள் கதை. மகன் மண்டியிட்டு அப்பாவின் மார்பில் முகம் புதைத்திருக்கிறான். அவன் முகம் நமக்குச் சரியாகத் தெரியாது. தெரிவதெல்லாம் மழித்த தலை, கிழிந்த உடை, செருப்பு கழன்று வெளியே தெரியும் ஒரு பாதம். அந்த உள்ளங்காலைப் பார்த்தாலே எவ்வளவு தூரம் நடந்திருப்பான் என்று புரிந்துவிடும்.

அவன் முதுகில் அப்பாவின் இரண்டு கைகள். கூர்ந்து பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று அகலமானது, விரல்களை விரித்து அழுத்திப் பிடித்திருக்கிறது. இன்னொன்று மெலிந்து, மென்மையாக, சும்மா வைத்தது போல இருக்கிறது. ஒன்று அப்பாவின் கை, மற்றது அம்மாவின் கை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரும்பி வந்த பிள்ளையைத் தொடும்போது ஒரே ஆளுக்குள் இரண்டு ஆசைகள் இருக்கும்: இனிமேல் விடக்கூடாது என்று ஒன்று, வலிக்கக்கூடாது என்று இன்னொன்று. அந்தக் கிழவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, இமைகள் பாதி மூடியிருக்கின்றன. வந்திருப்பது யாரென்று அந்தக் கைகள்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இதே கதையை ரெம்ப்ராண்ட் 1636இல், முப்பது வயதில், உலோகத் தகட்டில் கீறி அச்சிடும் செதுக்கோவியமாகச் செய்திருக்கிறார். அதில் அப்பா முன்னால் வந்து குனிந்து மகனை அணைக்கிறார், மகனின் முகம் வேதனையில் கோணுகிறது. நல்ல படம்தான். ஆனால் அதில் எல்லாமே நமக்குக் காட்டப்பட்டுவிடுகிறது. பெரிய ஓவியம் அவருடைய கடைசி வருடங்களைச் சேர்ந்தது. அதற்குள் மனைவி சாஸ்கியா போய்விட்டார். 1656இல் திவாலாகி, வீடும் சேகரித்த பொருட்களும் கைவிட்டுப் போயின. துணையாக இருந்த ஹென்ட்ரிக்யேவும் இறந்தார். 1668இல் மகன் டைட்டஸ். மறுவருடம் ரெம்ப்ராண்டும். அந்த வருடங்களில் மகனைத் தொடும் கைகளை இவ்வளவு அமைதியாக எப்படி வரைய முடிந்தது என்று எனக்கு இன்றுவரை வியப்பு.

வான்காவின் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' பற்றிச் சொல்லாமல் முடியாது. சூரியகாந்தியும் நட்சத்திர இரவும் எனக்கும் பிடிக்கும், ஆனால் மனசு போய் உட்காரும் இடம் இந்த இருட்டுப் படம்தான். 1885, நெதர்லாந்தின் நியூனென் கிராமம். ஒற்றை விளக்கின் கீழ் ஐந்து பேர் ஒரே தட்டில் இருந்து கிழங்கு எடுக்கிறார்கள். கைகள் எல்லாம் கணு கணுவாக, மண்ணில் இருந்து பிடுங்கிய வேர் மாதிரி. தட்டுக்குப் போகும் இந்தக் கைகளே நிலத்தையும் கொத்தின, அந்தச் சாப்பாட்டை அவர்கள் நேர்மையாகச் சம்பாதித்தார்கள் என்பதைக் காட்டத்தான் முயன்றேன் என்று தம்பி தியோவுக்கு எழுதினார். ஓவிய நண்பர் வான் ரப்பார்ட் இதன் அச்சுப் பிரதியைப் பார்த்துவிட்டுக் கடுமையாகத் திட்டிக் கடிதம் போட்டார். ஒரு பெண்ணின் கை பொய்யாக இருக்கிறது என்பதும் அவர் சொன்ன குறைகளில் ஒன்று. வான்கா அந்தக் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு வருடம் கழித்து, பாரிஸுக்குப் போய் வேறு மாதிரி வரையத் தொடங்கிய பிறகும், தன் படங்களில் சிறந்தது அதுதான் என்று தங்கைக்கு எழுதினார். உடற்கூறு கணக்குப்படி அந்தக் கைகளில் பிழை இருக்கலாம். எனக்கு அவற்றை நம்ப எந்தச் சிரமமும் இல்லை.

வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' இதற்கு நேர் எதிர்: சிறியது, அமைதியானது, பிழையே இல்லாதது. மடித்துவிட்ட சட்டைக் கைக்குக் கீழே, வெயில் பட்டுக் கறுத்த தோல் எங்கே முடிந்து வெளுத்த தோல் எங்கே தொடங்குகிறது என்பதைக்கூட வரைந்திருக்கிறார். அவள் தலைக்குப் பின்னால் முதலில் ஜாடிகள் தொங்கும் ஒரு பலகையை வரையத் தொடங்கி அப்புறம் மறைத்துவிட்டார் என்று 2022இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் ஆய்வு சொன்னது. அதை எடுத்த பிறகு வெறும் சுவர், பால், அவள் கைகள். ரைக்ஸ் தளத்தில் இந்தப் படத்தை மிகப் பெரிதாக்கிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. அவசியம் பாருங்கள்.

கடைசியாக, என்னை அதிகம் கலங்கடிப்பவர் கேத்தே கோல்விட்ஸ். ஜெர்மானியர், கணவர் ஏழைகள் பகுதியில் மருத்துவர். 1903இல் 'இறந்த குழந்தையுடன் பெண்' என்ற செதுக்கோவியத்தைச் செய்தார். ஒரு தாய் தரையில் உட்கார்ந்து, இறந்த பிள்ளையை வாரிச் சுருட்டி, அவன் மேல் முகத்தை அழுத்திக்கொண்டிருக்கிறாள். கையும் காலும் சேர்ந்து ஒரு விலங்கின் பிடி போல இருக்கிறது. மாதிரிக்கு ஆள் யாரும் இல்லை. தன் ஏழு வயது மகன் பீட்டரைக் கையில் ஏந்தி, கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்தார். பாரம் தாங்காமல் அவர் முனகியபோது, சும்மா இரும்மா, ரொம்ப அழகாக வரும் என்று பிள்ளை சமாதானம் சொன்னானாம்.

1914 அக்டோபரில் அந்தப் பீட்டர் பெல்ஜியத்தில் போரில் இறந்தான். வயது பதினெட்டு. வயது போதாத அவன் போருக்குப் போக அப்பாவின் அனுமதி வேண்டியிருந்தது, அதற்காக அவனுக்குப் பரிந்து பேசியவர் கேத்தேதான். அவனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய அந்த வருடமே தொடங்கி, நடுவில் கைவிட்டு, மறுபடி எடுத்து, 1932இல்தான் முடித்தார். மண்டியிட்ட அப்பா, மண்டியிட்ட அம்மா, தனித்தனிச் சிலைகள். அப்பாவின் கைகள் தன் உடம்பையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அம்மா குனிந்து தன்னையே அணைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவரை ஒருவர் தொடவில்லை. இப்போது அந்தச் சிலைகள் பெல்ஜியத்தின் ஃப்ளாட்ஸ்லோ கல்லறைத் தோட்டத்தில் இருக்கின்றன, பீட்டரும் அங்கேயே இருக்கிறான்.

எழுபதைத் தாண்டிய வயதில், இன்னொரு போர் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கல்லச்சுப் படம் செய்தார். நம் பேச்சில் சொன்னால் அதன் தலைப்பு: விதைநெல்லைக் குத்தித் தின்னக் கூடாது. வயதான ஒரு பெண் தன் மேலங்கிக்குள் மூன்று பையன்களை மூடிப் பிடித்திருக்கிறாள். அவர்கள் தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள், எப்போது ஓடலாம் என்று. அவள் கைகள் கூரை மாதிரி அவர்கள் மேல் கவிந்திருக்கின்றன.  1942 செப்டம்பரில் அவருடைய பேரன் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். அவன் பெயரும் பீட்டர்.