வில்லிஸ் ஜீப்பை 12 வோல்ட்டுக்கு மாற்றலாமா? கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளின் மின்சாரம் 6 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டி உடலோடு இணைந்தது). அதை 12 ஆக்குவது பற்றி வந்த கேள்விகளே அதிகம். 24 வோல்ட் வண்டிக்காரர் ஒருவரும் கேட்டிருக்கிறார்.

ஐயா, என்னிடம் வில்லிஸ் எம்பி இருக்கிறது. குளிர்காலக் காலையில் செல்ஃப் மோட்டார் முனகுகிறது; முகப்பு விளக்கும் மங்கல். மெக்கானிக் 12 வோல்ட்டுக்கு மாறச் சொல்கிறார். மாறிவிடலாமா? (குன்னூர்)

அவசரப்படாதீர்கள். இதே 6 வோல்ட்டில்தான் இந்த வண்டிகள் ஐரோப்பாவின் பனியில் போருக்குப் போயின. குற்றம் பெரும்பாலும் வயரிலும் எர்த்திலும் இருக்கும். கணக்கைப் பாருங்கள்: செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போகிறது. ஆறில் இரண்டு போனால் மிச்சம் என்ன?

கடைகளில் கிடைக்கும் பேட்டரி கேபிள் 12 வோல்ட் கார்களுக்கானது, மெல்லியது. 6 வோல்ட்டுக்கு 50 முதல் 70 சதுர மில்லிமீட்டர் செம்பு வேண்டும். எர்த் கேபிள் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்குங்கள். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையையும் பாருங்கள். பிறகு ஒருவர் செல்ஃப் மிதியை அழுத்த, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை மோட்டார் உடலிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதையெல்லாம் செய்தும் மனம் ஆறவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

பழைய டைனமோவை அப்படியே வைத்து, 12 வோல்ட் பேட்டரியும் ரெகுலேட்டரும் (சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மட்டும் மாற்றினால் போதாதா? (சேலம்)

சார்ஜ் ஆகும், ஆனால் வேகமாகச் சுற்றினால்தான். டைனமோவுக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயில் 6 வோல்ட்டுக்காகச் சுற்றப்பட்டது. இரட்டை வோல்ட்டில் சூடேறி இன்சுலேஷன் கருகும். 12 வோல்ட் டைனமோ தேடுங்கள், அல்லது ஆல்டர்னேட்டர் (இன்றைய கார்களில் டைனமோவின் வேலையைச் செய்வது) போடுங்கள். பழைய டைனமோ முழு மூச்சில் தருவது 40 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 240 வாட். 35 ஆம்பியர் தரும் சிறிய 12 வோல்ட் ஆல்டர்னேட்டரே 400 வாட்டைத் தாண்டும். ஐடிலிலும் ஓரளவு சார்ஜ் தரும். பெல்ட் அகலத்துக்கு ஏற்ற புல்லியைக் கடைந்து வாங்குங்கள். மெல்லிய புல்லியில் அகலப் பெல்ட் வழுக்கும்.

பழைய வயர்கள் நல்ல நிலையில் இருந்தால் மாற்ற வேண்டாம். அதே வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஓடும் ஆம்பியர் பாதிதான். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயர் மட்டும் புதியதாக, ஃபியூஸோடு இருக்கட்டும்.

6 வோல்ட் செல்ஃப் மோட்டார் தாங்குமா, அண்ணா? (கோவை)

தாங்கும். வேகமாகச் சுற்றி, அதன் பென்டிக்ஸ் பல்சக்கரம் எஞ்சினின் ரிங் கியரில் ஓங்கி மோதும். எஞ்சின் உடனே பிடிக்கும் நிலையில் இருக்க வேண்டும். சில நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள். இதில் செல்ஃப் சுவிட்ச் காலால் மிதிக்கும் இயந்திரச் சுவிட்ச்தான். எரிந்துபோகக் காயில் இல்லை.

இக்னிஷன் காயில், மீட்டர்கள், ஹார்ன்? (மதுரை)

காயிலை 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) வேண்டாத, ஏறக்குறைய 3 ஓம் பிரைமரி சுற்று உள்ளதாகக் கேளுங்கள். பழைய காயிலையே வைத்தால் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) கருகும். எண்ணெய் அழுத்தமும் தண்ணீர் வெப்பமும் காட்டும் மீட்டர்கள் மின்சாரமே இல்லாதவை, தொடவேண்டாம். பெட்ரோல் மீட்டருக்கு வோல்டேஜ் ரெடியூசர் வேண்டும். ஆம்பியர் மீட்டருக்கு வோல்ட்டைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அதன் அளவைத் தாண்டும் ஆல்டர்னேட்டர் போட்டால் முள் முட்டும். பல்புகள் எல்லாம் மாற வேண்டும், பிளாக்அவுட் விளக்குகள் (எதிரி கண்ணில் படாத போர்க்கால மங்கல் விளக்குகள்) உட்பட. ஹார்ன் இரண்டு மடங்கு கத்தும், பிறகு கத்தாது.

ஆல்டர்னேட்டர் போட்ட பிறகு சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்க மறுக்கிறது! (ஈரோடு)

ஆல்டர்னேட்டரின் எக்ஸைட்டேஷன் வயர் (அதைச் சார்ஜ் தரத் தூண்டும் சிறு வயர்) வழியாக மின்சாரம் திரும்பி வந்து காயிலுக்கு உயிர் கொடுக்கிறது. அந்த வயரில் எச்சரிக்கை விளக்கையோ டயோடையோ (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடுவது) சேருங்கள், நின்றுவிடும்.

6 வோல்ட்டிலேயே இருக்கிறேன். டைனமோவை ரீவைண்ட் செய்து போட்டேன். துளிகூட சார்ஜ் இல்லை. (திருச்சி)

நல்ல முடிவு. உள்ளே இருந்த காந்தம் செத்திருக்கும், அல்லது திசை மாறியிருக்கும். எஞ்சினை நிறுத்திய நிலையில் ரெகுலேட்டரின் பி (பேட்டரி), ஏ (டைனமோ ஆர்மேச்சர்) டெர்மினல்களை ஒரு வயரால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி தெறிக்கும், அவ்வளவுதான். வில்லிஸின் ஆட்டோலைட் டைனமோவுக்கு இந்த முறை. ஃபீல்டு உள்ளேயே எர்த் ஆகும் டைனமோக்களுக்கு வேறு. வானொலி இரைச்சலுக்காகக் கன்டென்சர் மாட்டினால் எஃப் (ஃபீல்டு) டெர்மினலில் மாட்டாதீர்கள். ரெகுலேட்டர் பாயிண்ட்கள் எரியும்.

என்னுடையது எம்38ஏ1 ராணுவ ஜீப், 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோ போடலாமா? (டொராண்டோ)

வேண்டாம். இரண்டும் வரிசையாக இணைந்தவை. சார்ஜிங் அமைப்பு, சார்ஜ் ஆகும்போது இரண்டும் சேர்ந்து காட்டும் 28 வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது. ஒன்றிலிருந்து எடுத்தால் அது பட்டினி கிடக்கும், மற்றது அளவு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும். 24-இலிருந்து 12 தரும் கன்வர்ட்டர் போடுங்கள். அந்த வண்டியை 12 வோல்ட்டுக்கு இறக்க மட்டும் நினைக்காதீர்கள். செல்ஃப் மோட்டார், நீர்புகா இக்னிஷன், மீட்டர்கள் என அத்தனையும் 24-க்கானவை. மாற்றும் செலவில் நல்ல பேட்டரி ஜோடிகள் பல வாங்கலாம்.