ஜே கே பி ஓ செமிகோலன் என்றால் தமிழ்

மாற்றுத்திறனாளி மாணவர்கள் கணினி பற்றியும் படிப்பு பற்றியும் கேட்கிற கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்லி வருகிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: பதினோரு வயதிலிருந்து எனக்குப் பார்வை கிடையாது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஐந்து கம்ப்யூட்டர் போட்டு வகுப்பு எடுக்கிறேன். கீழே தம்பியின் தையல் கடை. போனில் என்னோடு பேசுகிறவர்கள் "என்ன சத்தம் அக்கா?" என்று கேட்பது அவன் மிஷினைத்தான்.

நான் பார்வையற்ற மாணவி, பி.ஏ. வரலாறு முதலாண்டு. போனில் டாக்பேக் என்கிற பேசும் வசதியை வைத்து எல்லாம் செய்வேன். கம்ப்யூட்டர் தெரியாது. லேபுக்குப் போனால் "நீ சும்மா உட்காரும்மா, அட்டெண்டன்ஸ் போட்டுக்கறேன்" என்கிறார்கள். அசைன்மெண்டைத் தோழி டைப் பண்ணித் தருகிறாள். மூன்று வருஷத்தை இப்படியே ஓட்டிவிடலாமா அக்கா?
– ஒரு மாணவி, காசிமேடு

ஓட்டிவிடலாம் தங்கச்சி. பட்டமும் கைக்கு வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேலதிகாரி ஒரு கடிதம் அடிக்கச் சொல்வார். அந்தத் தோழி அன்றைக்கு அவள் ஆபீசில் இருப்பாள்.

நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். 1990களில் நான் படித்த கல்லூரியில் (எது என்று சொல்லப்போவதில்லை) லேப் பீரியட் வந்தால் "வராண்டாவுல உக்காரும்மா, நல்லா காத்து வரும்" என்பார்கள். காற்று வந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. என்னை அங்கே உட்காரவைத்தவர் ரொம்ப நல்ல மனிதர், டீகூட வாங்கித் தருவார். கடுகடுப்பானவர் என்றால் சண்டை போட்டிருப்பேன். நல்லவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்விடிஏ என்று ஒரு ஸ்க்ரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மென்பொருள், இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் ஆரம்பித்தது. பிறகு அவர் நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார், அவருக்கும் பார்வை கிடையாது. காசு வாங்குவதில்லை. இறக்கிக்கொள்ளும்போதே பெண்டிரைவில் ஒரு நகல் போட்டுக்கொள்ளலாம். லேபில் அதைச் செருகி, சொந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரு. பெண்டிரைவ் கூடாது என்றால் கவலையில்லை. விண்டோஸ், கண்ட்ரோல், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்து. விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற நேரேட்டர் பேச ஆரம்பிக்கும்.

ஆனால் மென்பொருளுக்கு முன்னால் விரல். என் வகுப்பில் முதல் வாரம் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே விடமாட்டேன். ஒரு பழைய கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு எஃப், ஜே இரண்டு சாவிகளையும் தேடவேண்டும். இரண்டிலும் சின்னதாக ஒரு மேடு இருக்கும். இடது ஆள்காட்டி விரல் எஃப்-இல், வலது ஜே-இல். அங்கிருந்து மற்ற எழுத்துக்குப் போய்விட்டு அந்த மேட்டுக்கே திரும்பி வரவேண்டும். வாரம் முழுக்க இதேதான். "பீஸ் வாங்கிட்டு பசங்களைக் கீபோர்டைத் தடவ விட்டிருக்கியே" என்று ஒரு அம்மா கீழே தம்பியிடம் புகார் சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவர் மகள் நான் சொல்லச் சொல்ல அடிக்கிறாள், நான் மூச்சு வாங்கினால் காத்திருக்கிறாள்.

இரண்டாம் வாரம் என்விடிஏ-வை ஓடவிட்டு, இன்ஸர்ட்டோடு 1 அழுத்து. அதன்பிறகு எந்தச் சாவியைத் தொட்டாலும் பெயரை மட்டும் சொல்லும், வேலை எதுவும் நடக்காது. பயமில்லாமல் மேயலாம். மறுபடி இன்ஸர்ட் 1, பழைய நிலைக்கு வந்துவிடும். இன்ஸர்ட்டும் டி-யும், எந்த ஜன்னலில் நிற்கிறோம் என்று தலைப்பைச் சொல்லும். இன்ஸர்ட்டும் கீழ் அம்பும் போட்டால் தொடர்ந்து படிக்கும், கண்ட்ரோலைத் தட்டினால் வாயை மூடும். மௌஸை எடுத்து மேஜைக்குள் போட்டுவிடு.

தமிழ் அடிக்க தமிழ்99 என்ற கீபோர்டு முறையைக் கற்றுக்கொள், விண்டோஸிலேயே இருக்கிறது. "அம்மா" என்று அடிக்க நாலே தட்டு: ஏ, கே, கே, க்யூ. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். படித்துக் காட்டும் தமிழ்க் குரல் இயந்திரத்தனமாக இருக்கிறது என்று முகம் சுளிப்பாய். விண்டோஸின் தமிழ்க் குரலை இறக்கிக்கொண்டால் கொஞ்சம் மனுஷக் குரலாக இருக்கும். அதற்கு வள்ளுவர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் கொடு. நீளமாக வேண்டாம். "லேபில் ஒரு கம்ப்யூட்டரில் என்விடிஏ நிறுவித் தரவும்" என்ற ஒரு வரி, கீழே 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பெயர். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள். வாயால் கேட்டால் அது உதவி, எழுதிக் கேட்டால் கோப்பு. கடிதத்தை நீயே அடி, தோழி வேண்டாம்.

ஆசிரியர் வாட்ஸப்பில் தமிழ்ப் பாடக் குறிப்புகளை அனுப்புகிறார். சிலதைத் திறந்தால் ஏதோ இங்கிலீஷ் எழுத்துகளாகப் படிக்கிறது. சிலது ஒன்றுமே பேசமாட்டேன் என்கிறது. போன் ரிப்பேரா?
– மாணவர், கொருக்குப்பேட்டை

போன் நன்றாகத்தான் இருக்கிறது, ஃபைல்தான் ரிப்பேர். இரண்டும் வேறு வேறு நோய்.

முதல் வகை, பழைய எழுத்துரு. டிடிபி கடைகளில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிப்பார்கள். உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துதான், மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். பாமினியில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, செமிகோலன். கண்ணால் பார்ப்பவருக்குச் சட்டை தெரியும். ஸ்க்ரீன் ரீடருக்குச் சட்டை தெரியாது, உள்ளே இருப்பதைப் படிக்கும். முதல் தடவை நான் இதைக் கேட்டபோது ஏதோ வைரஸ் என்று நினைத்து கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டேன். மருந்து சுலபம். பாமினியை யூனிகோடாக, அதாவது எந்தக் கருவியும் தமிழாகவே படிக்கிற பொதுக் குறியீடாக, மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன, ஒட்டினால் மாற்றித் தரும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. கடைக்காரர்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாம் வகை, ஸ்கேன் செய்த பக்கம். அது எழுத்தே இல்லை, போட்டோ. அதை கூகுள் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் "ஓப்பன் வித்" போய் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தெடு. படத்தில் இருக்கிற தமிழை எழுத்தாக்கித் தரும். ஐம்பது பக்கத்தை ஒரே மூச்சில் போடாதே, நாலைந்து பக்கமாக வெட்டிப் போடு. சில நேரம் "ர"-வும் காலும் குழம்பும். ஜெராக்ஸின் ஜெராக்ஸாக இருந்தால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும், நல்ல பிரதி கேள்.

"புத்தகத்தை ஸ்கேன் பண்ணித் தந்தால் காப்புரிமைப் பிரச்சினை வரும்" என்று யாராவது சொன்னால், 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே மாற்றுத்திறனாளிகள் படிக்கும்படி புத்தகத்தை மாற்றித் தர விலக்கு கொடுத்துவிட்டார்கள் என்று சொல். பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் கிடைக்க மறு ஆண்டு உலக நாடுகள் போட்ட மராகேஷ் ஒப்பந்தத்துக்கு 2014-ல் உலகிலேயே முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு நாம்தான். 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலும் உறுப்பினராகிவிடு.

எனக்கு இதெல்லாம் கிடையாது, கேசட்தான். தங்கை பாடத்தைப் படித்துப் பதிவு செய்வாள். பானிப்பட் போர் நடுவில் "இருக்கா, அம்மா கூப்புடுது" என்று ஓடிவிடுவாள். ரெக்கார்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று நிமிஷம் கூட்ஸ் வண்டி போகிற சத்தம் பதிவாகியிருக்கும், உங்கள் கொருக்குப்பேட்டைப் பக்கம் போகிற வண்டிதான். இன்றைக்கும் பானிப்பட் என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான் வருகிறது.

என் வகுப்பில் அறுபது பேர். அதில் பார்வையற்ற மாணவர் ஒருவர். ஒருவருக்காக எல்லாக் குறிப்பையும் மாற்றி எழுத வேண்டுமா?
– உதவிப் பேராசிரியர், பழைய வண்ணாரப்பேட்டை

வேண்டாம் சார். இனிமேல் அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி விடுவதற்குப் பதில், கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்துங்கள். வேர்டில் அது தலைப்பாகப் பதிவாகும். உங்கள் மாணவர் இன்ஸர்ட்டோடு எஃப்7 தட்டினால் தலைப்புகள் வரிசையாக வந்து நிற்கும், வேண்டிய இடத்துக்குத் தாவிவிடுவார். இல்லாவிட்டால் நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டே வரவேண்டும். கூடுதலாக ஒன்று: பலகையில் எழுதும்போது "இது, இங்கே, இதை இப்படி" என்று சொல்லாமல், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பின் பெஞ்சில் இருப்பவர்களும் கேட்பார்கள்.

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். புத்தி நன்றாக இருக்கிறது, கை நடுங்குகிறது. பி.காம். சேர்ந்திருக்கிறான். மூன்று மணி நேரத்தில் பாதிக் கேள்விகூட எழுத முடியவில்லை. நானே கூட உட்கார்ந்து எழுதலாமா?
– ஒரு தந்தை, வியாசர்பாடி

நீங்கள் எழுத வேண்டாம் ஐயா, விடவும் மாட்டார்கள். அவருக்கு உரியதைக் கேளுங்கள். மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டு நெறிமுறையின்படி மணிக்கு இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். மூன்று மணித் தேர்வு என்றால் நாலு மணி. சொல்வதை எழுதுபவர் வேண்டுமானால் அவர், கம்ப்யூட்டரில் எழுத விரும்பினால் அது. கம்ப்யூட்டர் என்றால் முந்தின நாளே போய்ச் சரிபார்த்துக்கொள்ளவும் அதில் இடமுண்டு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாடு நாற்பது சதவீதம் வரவில்லையே என்று யாராவது தள்ளினால், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் சொன்னதைக் காட்டுங்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற ஒரு மாணவர் போட்ட வழக்கு அது. நாற்பதுக்குக் கீழே இருந்தாலும் எழுதுவதில் சிரமம் இருந்தால் எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தேர்வுக்கு முந்தின வாரம் ஓடாதீர்கள், செமஸ்டர் ஆரம்பத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுங்கள். சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் உங்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனைதான் பக்கம்.

என் ஓட்டு கம்ப்யூட்டருக்குத்தான். எழுதுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் "டெபிட்"டை "கிரெடிட்" என்று காதில் வாங்கினால் போச்சு. நடுக்கத்துக்கு விண்டோஸில் வழி இருக்கிறது. வலப்பக்க ஷிஃப்டை எட்டு நொடி விடாமல் அழுத்தினால் ஃபில்டர் கீஸ் வேண்டுமா என்று கேட்கும். விரல் தெரியாமல் பட்டதையும், ஒரே எழுத்து நாலு தடவை விழுவதையும் அது தள்ளிவிடும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ். இரண்டு மூன்று சாவிகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம். என்னிடம் வந்த ஒரு பையன் இதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் அடிக்க ஒன்றரை மணி நேரம் எடுத்தான், முதல் மாதம். ஆறாம் மாதம் முப்பத்தைந்து நிமிஷம். பக்கத்தில் அவன் அப்பா கை பரபரக்க உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவரைக் கீழே கடைக்கு அனுப்பிப் பட்டன் தைக்க வைத்துவிட்டோம். நீங்கள் வந்தாலும் அதுதான் வேலை.

எனக்குக் காது கேட்காது. வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்று எழுத்தில் பார்க்க முடியுமா?
– மாணவி, திருவொற்றியூர்

இதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, என் மாணவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலி பேச்சைக் கேட்கக் கேட்க எழுதிக் காட்டும், தமிழும் தெரியும். போனை உன் மேஜையில் வைக்காதே, ஆசிரியர் மேஜையில் வை. நடுவில் ஃபேன் சத்தம் வந்தால் குழம்பிவிடும். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுகிறவர் என்றால் பாதி வார்த்தை விநோதமாக வரும், அதனால் தோழியின் நோட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள். (தோழி வேண்டாம் என்று மேலே சொன்னது டைப் அடிப்பதற்கு மட்டும்.) தம்பி தங்கை யாராவது சேரப்போகிறார்கள் என்றால், சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் இருக்கின்றன. மெட்ரோ இருக்கிறதே, திருவொற்றியூரிலிருந்து தூரம் என்று சொல்ல முடியாது.

பார்வையற்றவர்களுக்கென்று தனி லேப்டாப் உண்டா? எவ்வளவு ஆகும்?
– ஒரு தாய், ராயபுரம்

தனியாக ஒன்றும் இல்லை அம்மா. யாராவது "ஸ்பெஷல்" என்று விலை சொன்னால் வந்துவிடுங்கள். சாதாரண விண்டோஸ் லேப்டாப், எட்டு ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி வட்டு, இது போதும். பெரிய ஸ்க்ரீனுக்குக் காசு கொட்டாதீர்கள், பிள்ளை அதைப் பார்க்கப்போவதில்லை. பழைய லேப்டாப்பும் வாங்கலாம், பேட்டரியை மட்டும் கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

மிச்சமாகும் காசில் எண் பலகையோடு ஒரு தனிக் கீபோர்டு வாங்குங்கள். லேப்டாப்பில் இன்ஸர்ட் சாவி எங்கேயாவது மூலையில் ஒளிந்திருக்கும், இதில் பெரிதாகக் கைக்குக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் எஃப், ஜே இரண்டையும் பிள்ளையையே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மலிவுக் கீபோர்டில் அந்த மேடு ஆறு மாதத்தில் தேய்ந்துவிடுகிறது. தேய்ந்தால் வேறு வாங்காதீர்கள். இரண்டு சாவியிலும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து ராத்திரி காயவிடுங்கள், காலையில் மேடு ரெடி.