15 பேர் சேர்ந்த குடும்பப் படத்துக்கு மதுரையில் எந்த இடம் நல்லது?

அப்பாவுக்கு 80 வயது நிறைவதையொட்டி வெளியிடத்தில் குடும்பப் படம் எடுக்க வேண்டும், மூட்டுவலியுள்ள அம்மாவும் கைக்குழந்தையும் உட்பட 15 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். திருமலை நாயக்கர் மகால், வண்டியூர் தெப்பக்குளம், கீழக்குயில்குடி மூன்றில் எது என்பது உங்கள் கேள்வி. மதுரையில் கல்யாணம், காதுகுத்து ஆகியவற்றுக்குப் படம் எடுப்பதுதான் என் தொழில். என்னைக் கேட்டால் கீழக்குயில்குடி.

அங்குள்ள சமணர் மலையும் தாமரைக் குளமும் அழகுதான், ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. அடிவாரம் வரை கார் போகும். தரை ஓரளவு சமம். பெரிய ஆலமரங்கள் இருக்கின்றன. 15 பேரை மூன்று வரிசையாக நிறுத்தினால் அகலம் எப்படியும் மூன்று மீட்டர் வரும். 50 மி.மீ. லென்ஸில் அத்தனை பேரும் தாராளமாக அடங்க, எடுப்பவர் ஆறேழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உங்களுக்குப் பின்னாலும் ஐந்து மீட்டராவது வெற்றிடம் இருந்தால்தான் மரமும் சுவரும் தலையில் முளைத்தது போலத் தெரியாது. ஆக, மூன்று வரிசை நிற்கும் இடத்தையும் சேர்த்தால், குறுக்கே ஆள் நடக்காத பதின்மூன்று மீட்டர் இடம் தேவை. இணையத்தில் பார்த்து ஆசைப்படும் பல இடங்கள் இந்தக் கணக்கிலேயே அடிபட்டுவிடும்.

ஆலமரத்தடியிலும் கண்ட இடத்தில் நின்றுவிடக் கூடாது. இலைகளின் இடுக்கு வழியாக இறங்கும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும். பிறகு கணினியில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. மரத்தின் நட்டநடுவில் நின்றாலோ கண்கள் இருண்டுபோகும். நிழல் முடியும் ஓரத்துக்கு ஓரிரண்டு அடி உள்ளே, திறந்த வானத்தைப் பார்த்து நில்லுங்கள். அடிவாரத்தில் அய்யனார் கோயில் இருப்பதால் திருவிழா நாள்களையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் மளமளவென்று இறங்கிவிடும். மஞ்சள் வெயில் கொஞ்ச நேரமே நிற்கும். நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்பே அஸ்தமனம், ஜூலையில் 6.40 வாக்கில். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எல்லோரும் அங்கே இருக்க வேண்டும்.

மகால் 1636இல் கட்டப்பட்டது. அப்பா, அம்மா இருவரை மட்டும் எடுப்பதென்றால் அதை அடித்துக்கொள்ள வேறு இடம் இல்லை. தூணோரம் நிறுத்தினால் முற்றத்து வெளிச்சம் முகத்தில் மிருதுவாக விழும். 15 பேரை நிறுத்தினால் அந்தத் தூண்களுக்கு முன்னால் யார் முகமும் தெரியாது. பார்வையாளர் கூட்டம் வேறு. தொழில்முறைக் கேமரா என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

தெப்பக்குளத்தில் மாலையில் நிற்கவே இடம் கிடைக்காது. விடிந்ததும் போகலாம். மேற்குக் கரையில் மைய மண்டபம் பின்னால் வர நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் வந்து முகம் கறுத்துவிடும். கிழக்குக் கரையில் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். தெற்குக் கரைதான் தோது. மீனாட்சியம்மன் கோயில் கோபுரம் பின்னணியில் வர வேண்டும் என்று வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். முழுக் கோபுரமும் வர அகலக்கோண லென்ஸ் போட வேண்டும். ஓரத்தில் நிற்கும் சித்தப்பா ஒன்றரை மடங்கு அகலமாகிவிடுவார், பிறகு என்னிடம் சண்டைக்கு வருவார்.

நீங்கள் கேட்காத ஓர் இடத்தையும் சொல்கிறேன். உங்கள் வீடு கிழக்குப் பார்த்த வாசலா? மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டு நிழல் வாசலில் விழும், எதிரே வானம் திறந்திருக்கும். முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சத்தை எந்தச் சுற்றுலாத் தலமும் தராது. அம்மாவுக்கு அலைச்சலில்லை, கழிப்பறைக் கவலையில்லை. தெரு அகலமாக இருந்து, எதிரே நிற்கும் இருசக்கர வாகனங்களை அரைமணி நேரம் நகர்த்த அண்டை வீட்டார் சம்மதித்தால் நான் கீழக்குயில்குடியைக்கூட விட்டுவிடுவேன்.

எங்கே எடுத்தாலும் கைப்பிடி இல்லாத நாற்காலிகள் நான்கு கொண்டுபோங்கள். கைப்பிடி இருந்தால் பட்டுப்புடவைக் கரை மறைந்துவிடும். முதலில் 15 பேர் படத்தை முடித்துவிடுங்கள், குழந்தைக்குத் தூக்கம் வருவதற்குள்.